கதிர்வீச்சு அழைப்பு வந்தால்: தீயணைப்புப் பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

1987 செப்டம்பர் 29. பிரேசிலின் கோயானியா நகரத்துச் சுகாதார அலுவலகத்தில் ஒரு நாற்காலிமேல் ஒரு பை இருந்தது. கைவிடப்பட்ட புற்றுநோய் சிகிச்சை மையத்திலிருந்து திருடி, காயலான் கடையில் பிரித்துப் போட்ட கருவியின் மிச்சம் அதற்குள் இருந்தது. அதில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். பல நாளாக வாந்தியும் பேதியுமாகக் கிடந்த ஒரு குடும்பத்தார், இந்தப் பொருள்தான் காரணமோ என்று சந்தேகப்பட்டு பஸ்ஸில் எடுத்து வந்து கொடுத்திருந்தார்கள். தகவல் கேட்டுத் தீயணைப்புப் படையினர் வந்தார்கள். அதை எடுத்துப்போய் ஆற்றில் எறிந்துவிடுவது என்பது அவர்களுடைய திட்டம். நல்லவேளையாக அதே நேரத்தில் ஓர் இயற்பியலாளர் அங்கே வந்து சேர்ந்து தடுத்தார்.

அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நம் கை பழகிய வேலையே அதுதானே? வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் பிடித்து அப்புறப்படுத்துகிறோம். சிலிண்டர் கசிந்தால் வெளியே தூக்கிவந்து வெட்டவெளியில் வைக்கிறோம். ஆபத்தை மக்களிடமிருந்து தூரமாக்குவது என்று இருபது வருடம் பழகிய கை, கதிரியக்கப் பொருளையும் அப்படியே எடுக்கத்தான் போகும். கதிர்வீச்சு விபத்தில் அந்தப் பழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும்: ஆளை அப்புறப்படுத்துங்கள், பொருளைத் தொடாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதில் பாதி இதுதான். மீதிப் பாதி, பயந்துபோய் ஆளையும் அப்புறப்படுத்தாமல் நின்றுவிடக் கூடாது என்பது.

கோயானியாவில் 4 பேர் இறந்தார்கள். 249 பேர் உடலிலோ உடையிலோ கதிரியக்க மாசு இருந்தது. சந்தேகத்தில் வந்த ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரை விளையாட்டரங்கில் வைத்துப் பரிசோதித்தார்கள். ஒரு போரோ அணு உலை வெடிப்போ இல்லை. பூட்டாமல் விட்ட ஒரு பழைய மருத்துவக் கருவி, அவ்வளவுதான்.

அழைப்பு வருமுன் செய்யவேண்டியது: எல்லைக் கணக்கு

கதிர்வீச்சு என்றதும் புதிதாக வருபவர்களுக்குக் கல்பாக்கமும் கூடங்குளமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வளாகங்களுக்குள்ளேயே தீயணைப்புப் பிரிவு இருக்கிறது, அளவெடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், எழுதிவைத்த அவசரத் திட்டமும் இருக்கிறது. வெளியே ஏதாவது செய்ய வேண்டி வந்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையில், உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரைக்கும் போட்ட திட்டப்படி நடக்கும். நீங்கள் அந்தத் திட்டத்தில் ஓர் அங்கம். மற்ற நிலையங்களுக்கு அழைப்பு வரப்போவது பெரும்பாலும் சாதாரண இடங்களிலிருந்துதான்: மருத்துவமனை, ஃபேப்ரிகேஷன் பட்டறை, சிமென்ட் ஆலை, நெடுஞ்சாலையில் கவிழ்ந்த வேன், காயலான் கடை.

காயலான் கடையைக் கடைசியில் சொன்னாலும் அதைத்தான் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது அதுதான். பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருடம் சும்மா கிடந்த ஒரு கருவியை ஏலத்தில் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாமல் கடைக்காரர்கள் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே... இல்லை, இருபத்துமூன்று வருடம் முன்பே கோயானியா நடந்து, உலகம் முழுக்க எழுதித் தீர்த்திருந்தார்கள்.

உங்கள் நிலைய எல்லைக்குள் உள்ள இடங்களை இரண்டு வகையாகப் பிரித்து எழுதுங்கள்.

முதல் வகை, மின்சாரம் இருந்தால் மட்டும் கதிர் விடுபவை. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், புற்றுநோய் மருத்துவமனைகளின் லீனியர் ஆக்சிலரேட்டர் எல்லாம் இதில் வரும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் அது வெறும் இரும்புதான். எக்ஸ்ரே அறையில் தீப்பிடித்தது என்று கேட்டு வாசலிலேயே தயங்கி நின்ற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பயப்பட வேண்டியது உயர் மின்னழுத்தத்துக்கும் புகைக்கும்தான்.

இரண்டாம் வகைக்கு சுவிட்சே கிடையாது. உள்ளே இருக்கும் தனிமம் இரவும் பகலும் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும். தடுத்து நிற்பது அதைச் சுற்றியுள்ள ஈயமோ யுரேனியக் கவசமோதான். கோபால்ட் சிகிச்சை இயந்திரம், உடலுக்குள் வைத்துச் சிகிச்சை தரும் பிராக்கிதெரபி கருவி, சிமென்ட் ஆலையிலும் காகித ஆலையிலும் அளவு பார்க்கப் பொருத்தியிருக்கும் நியூக்ளியானிக் கேஜ் எல்லாம் இந்த வகை. இவற்றில் அதிகம் ஊர் சுற்றுவது ரேடியோகிராபி கேமரா. கொதிகலன், பிரஷர் வெசல், பைப்லைன் வேலை நடக்கும் இடங்களில் வெல்டிங்கைச் சோதிக்க வைத்திருப்பார்கள். திருச்சிப் பக்கத்துப் பட்டறைகளில் "ஆர்.டி. எடுக்கணும்" என்றால் இதுதான். ஆட்கள் போன பிறகு, பெரும்பாலும் ராத்திரியில்தான் எடுப்பார்கள். பெட்டி இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். உள்ளே இருக்கும் இரிடியம்-192 நெல்மணி அளவுதான். அந்த நெல்மணி கேபிளிலிருந்து கழன்று தரையில் விழுந்தால், ஏதோ உலோகத் துண்டு என்று யாரும் பையில் போட்டுக்கொள்ளக்கூடும்.

இடையில் நிற்பது நியூக்ளியர் மெடிசின் பிரிவு. அங்கே ஊசி மருந்தாகவும் குடிக்கும் மருந்தாகவும் கதிரியக்கப் பொருள் இருக்கும். டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், அயோடின்-131 எட்டு நாளில். திரவம் என்பதால் சிந்தும், ஒட்டும். ஆனால் அளவு மிகச் சிறியது.

இந்த இடங்களுக்கெல்லாம் ஒருநாள் வண்டியில் போய் வாருங்கள். கதிரியக்கப் பொருளை வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற இடத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். "ஆர்.எஸ்.ஓ. யார்?" என்று கேட்டால் காட்டுவார்கள். எந்த அறை, எந்தத் தனிமம், கவசம் எதனால் ஆனது, ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்கும் போன் எண் எது என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அலுவலக எண்ணை மட்டும் தருபவரிடம் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை கேளுங்கள்.

வெயிலும் மாவும்

வகுப்பெடுக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: "சார், அடிபட்டவரைத் தொட்டா நமக்கும் ஒட்டிக்குமா?" இதற்கு நான் பாடப்புத்தகப் பதில் சொல்வதில்லை. வெயிலில் நின்றுவிட்டு நிழலுக்கு வந்தவரைத் தொட்டால் உங்களுக்கு வெயில் அடிக்குமா? அடிக்காது. அவருக்கு உடம்பு காந்தும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கதிர் பட்டவர் என்றால் அப்படித்தான். ஆனால் மாவு மில்லிலிருந்து வருபவரைக் கட்டிப்பிடித்தால்? உங்கள் சட்டையிலும் மாவு. அதுதான் கதிரியக்க மாசு. பொருள் பொடியாகவோ திரவமாகவோ புகையாகவோ வெளியே வந்து உடம்பில் படிந்திருக்கிறது. தட்டினால் பறக்கும், மூச்சில் போகும், துடைத்தால் வரும்.

மூடிய உலோகக் குப்பிக்குள் இருக்கும் இரிடியம் வெயில் மட்டும் தரும். உடைந்த சீசியம் வெயிலும் தரும், மாவும் தரும். வந்திருப்பது எந்த வகை என்று தெரிந்தால்தான் அடுத்த அடி சரியாக விழும். தெரியாதவரை இரண்டும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆல்பாவை ஒரு தாளும் பீட்டாவை சில மில்லிமீட்டர் அலுமினியமும் நிறுத்திவிடும். ஆகவே வெளியே இருக்கும்வரை ஆல்பாவால் தொல்லையில்லை; மூச்சோடு உள்ளே போனால்தான் கேடு. காமாவை உங்கள் தீயணைப்புக் கோட்டு தடுக்காது. எக்ஸ்ரே டெக்னீஷியன் போடும் ஈய ஏப்ரன் கோபால்ட் கதிருக்கு முன் பெயருக்குத்தான்; பாரம் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து கூடுதல் கதிர் வாங்குவதே மிச்சம். அப்படியானால் உங்கள் உடைக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. கோட்டு, பூட்ஸ், கையுறை, பி.ஏ. செட் என்ற மூச்சுக் கருவி எல்லாம் சேர்ந்தால் மாவு தோலிலும் நுரையீரலிலும் படாது. அந்த வகையில் மூச்சுக் கருவிக்கு ஈடே கிடையாது.

எண்களோடு பழகுதல்

கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் காட்டும் அலகு சீவெர்ட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி சீவெர்ட், அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோ சீவெர்ட். மில்லியையும் மைக்ரோவையும் மாற்றிப் படித்தவர் ஆயிரம் மடங்கு தப்பு செய்கிறார். வாக்கிடாக்கியில் சொல்லும்போது அலகை முழுசாகச் சொல்லுங்கள். "நூறு காட்டுது சார்" என்பது தகவலே இல்லை.

சும்மா ரோட்டில் நின்றால் மணிக்குச் சுமார் 0.1 மைக்ரோ சீவெர்ட் காட்டும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் அங்கே கூடவே காட்டும். இயற்கையிலிருந்து உலகத்து மனிதர்கள் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவெர்ட் வாங்குகிறார்கள். நம் நாட்டில் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லி சீவெர்ட் அனுமதி. எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. உயிரைக் காப்பாற்றும் வேலைக்கு சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் வழிகாட்டு அளவு 500 மில்லி சீவெர்ட். அதுவும் ஆபத்தை எடுத்துச் சொல்லி, அவரே சம்மதித்தால் மட்டும். குறுகிய நேரத்தில் ஆயிரத்தைத் தொட்டால் உடம்பு உடனே காட்டத் தொடங்கும் கட்டம்: வாந்தி, சோர்வு, ரத்த அணுக்கள் குறைதல்.

மீட்டர் கையில் இருக்கும்போது நடந்துபோகும் வழியில் மூன்று எண்களை மனசில் வையுங்கள். மணிக்கு 100 மைக்ரோ சீவெர்ட் வரும் இடம் உள்வட்டத்தின் எல்லை. வேலையில்லாதவர் அதைத் தாண்டக் கூடாது. மணிக்கு 100 மில்லி சீவெர்ட் வந்தால் உயிர் மீட்பு மட்டும், அதுவும் மொத்தம் அரை மணிக்குள். மணிக்கு 1000 மில்லி சீவெர்ட் வந்தால், கதிர்வீச்சு நிபுணர் சொல்லாமல் ஒரு அடியும் முன்னே வைக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர், இருக்கலாம் என்று நினைப்பவர், உள்வட்ட வேலைக்குப் போகக் கூடாது. அதை அவர் எல்லார் முன்னாலும் சொல்லவேண்டிய நிலையை உண்டாக்காமல் அதிகாரிதான் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

மீட்டரைப் பற்றி இரண்டு சங்கதி. கோயானியாவுக்கு வந்த அந்த இயற்பியலாளர் ஒரு அளவுமானியை இரவல் வாங்கிக்கொண்டு போனார். அலுவலகத்துக்குத் தூரத்திலேயே முள் கடைசிக்குப் போய் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே. கருவி பழுது என்று நினைத்துத் திரும்பிப் போய் வேறொன்று வாங்கிவந்தார். அதுவும் அப்படியே காட்டியபோதுதான் நிஜம் புரிந்தது. செர்னோபில் அணு உலை வெடித்த 1986 ஏப்ரல் 26 விடியற்காலை அங்கே கைவசம் இருந்த மீட்டர்களின் உச்சம் மணிக்கு 3.6 ரோன்ட்ஜன் (கதிர்வீச்சின் பழைய அலகு). முள் அங்கேயே நின்றது, அதையே அளவு என்று மேலே சொன்னார்கள். உலையருகே உண்மை அளவு பல ஆயிரம் மடங்கு. முள் கடைசியில் ஒட்டிக்கொண்டால் அது அளவு அல்ல, "எனக்கு மேல் தெரியாது" என்ற செய்தி. சில பழைய மீட்டர்கள் கதிர் மிக அதிகமானால் பூஜ்யத்துக்கே விழுந்துவிடும், அது இன்னும் மோசம். அதனால் மீட்டரை நிலையத்திலேயே ஆன் செய்து, பேட்டரி பார்த்து, ஏறிக்கொண்டே போகும் எண்ணைப் பார்த்தபடி போகவேண்டும். உள்ளே போய் நின்றுகொண்டு ஆன் செய்யக் கூடாது. ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். மாசு மீட்டரிலேயே ஒட்டிக்கொண்டால் அப்புறம் எங்கே கொண்டுபோனாலும் அது அலறும்.

போன் வரும்போது

1999 செப்டம்பர் 30, ஜப்பானின் தோகைமுரா. யுரேனிய எரிபொருள் தயாரிக்கும் ஆலையில் கதிர்வீச்சு விபத்து. நோயாளியைத் தூக்க ஆம்புலன்ஸில் வந்த தீயணைப்புத் துறை ஊழியர்களுக்கு இது அப்படிப்பட்ட விபத்து என்று யாரும் சொல்லவில்லை. அவர்களும் கதிர் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

ஆகவே கேளுங்கள். தொழிற்சாலை, ஆய்வகம், மருத்துவமனை, காயலான் கடை என்று முகவரி வந்தாலே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கேட்க வேண்டியவை: அங்கே ஆர்.டி. வேலை நடக்கிறதா? மஞ்சள் பட்டையில் மூன்று இதழ் போட்ட குறி எங்கேயாவது இருக்கிறதா? யாருக்காவது தீக்காயம் மாதிரி புண் வந்து, சுட்ட பொருள் எதுவும் இல்லையே என்று குழம்புகிறார்களா? ஒரே இடத்தில் வேலை செய்த பலருக்கு ஒன்றாக வாந்தியா? இவற்றில் எதற்காவது ஆமாம் என்று பதில் வந்தால் மீட்டரோடு போங்கள்.

போய்ச் சேர்ந்ததும்

காற்று அடிக்கும் பக்கத்திலிருந்து நெருங்குங்கள். வண்டியை மூக்கு வெளியே பார்க்க நிறுத்துங்கள். மீட்டர் இல்லாவிட்டாலும் முதல் கோட்டைப் போட்டுவிடலாம். கவசமில்லாத அல்லது உடைந்த பொருள் வெட்டவெளியில் கிடந்தால் சுற்றிலும் 30 மீட்டர். பெரிய அளவில் சிந்தியிருந்தால் 100 மீட்டர். அப்பொருள் தீயிலோ வெடிப்பிலோ மாட்டியிருந்தால் 300 மீட்டர். வெடிகுண்டோடு சேர்த்து வைத்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் 400 மீட்டர் அல்லது அதற்கு மேல். கட்டடத்துக்குள் என்றால் அந்த அறை, பக்கத்து அறைகள், மேல் தளம், கீழ்த் தளம். கதிருக்கு மேலும் கீழும் ஒன்றுதான்.

இது தொடக்கம்தான். மீட்டர் வந்ததும் கோடு நகரும். ஒரு கணக்கு: 50 கியூரி (கியூரி என்பது கதிரியக்கப் பொருளின் வீரியத்தை அளக்கும் அலகு) இரிடியம்-192 கவசமில்லாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 240 மில்லி சீவெர்ட். தூரம் பத்து மடங்கானால் கதிர் நூறில் ஒரு பங்கு. ஆகவே 10 மீட்டரில் 2.4 மில்லி சீவெர்ட். 30 மீட்டரில் இன்னும் 270 மைக்ரோ சீவெர்ட் அளவுக்கு இருக்கும். அந்த 100 மைக்ரோ சீவெர்ட் எல்லை 50 மீட்டர் அருகில்தான் வரும். எனவே 30-இல் கட்டிய கயிற்றைப் பின்னுக்கு இழுக்கக் கூச்சப்பட வேண்டாம்.

சாலையில் வேன் கவிழ்ந்திருந்தால் பெட்டியின் சீட்டைத் தூரத்திலிருந்தே, பைனாகுலர் இருந்தால் அதில், படியுங்கள். வெள்ளைச் சீட்டில் சிவப்புக் கோடு ஒன்று என்றால் மிகக் குறைவு. மேல்பாதி மஞ்சளாகி இரண்டு கோடு, மூன்று கோடு என்று ஏறும். மஞ்சள் சீட்டில் கட்டத்துக்குள் டிரான்ஸ்போர்ட் இன்டெக்ஸ் என்று ஒரு எண் இருக்கும். அதைப் பத்தால் பெருக்குங்கள்: பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கக்கூடிய உச்ச அளவு, மணிக்கு மைக்ரோ சீவெர்ட்டில் கிடைத்துவிடும். சீட்டில் 1 என்று இருந்தால் 10 மைக்ரோ சீவெர்ட். உங்கள் மீட்டர் அங்கே ஐந்நூறு காட்டினால் பெட்டிக்குள் ஏதோ உடைந்திருக்கிறது. இவ்வளவு உபயோகமான ஒரு எண்ணை வேறு எந்த ஆபத்தான சரக்கின் சீட்டிலும் நான் பார்த்ததில்லை. ஓட்டுநரிடம் டிரெம் கார்டு என்ற அவசரக் குறிப்பு இருக்கும். அவர் நினைவோடு இருந்தால் அதை முதலில் கேட்டு வாங்குங்கள்.

மனசுக்குத் தெம்பாக இன்னொன்று: அதிக வீரியமுள்ள பொருட்கள் பயணிக்கும் டைப்-பி பெட்டியை 9 மீட்டர் உயரத்திலிருந்து போட்டும் 800 டிகிரித் தீயில் அரை மணி வைத்தும் சோதித்த பிறகே அனுமதிக்கிறார்கள். கவிழ்ந்த உடனே கசிந்திருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆள் உள்ளே கிடந்தால்

போங்கள். தயக்கமில்லாமல் சொல்கிறேன், போங்கள். மேலே போட்ட அதே கணக்கை எடுத்துக்கொள்வோம்: கவசமில்லாத இரிடியத்திலிருந்து ஒரு மீட்டரில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். நீங்கள் போய் அவர் தோளைப் பிடித்து இழுத்துவர இரண்டு நிமிடம் ஆகிறது. முழு நேரமும் ஒரு மீட்டரிலேயே நின்றதாக வைத்தாலும் வாங்குவது 8 மில்லி சீவெர்ட். தொழிலாளிக்கு வருடத்துக்கு அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை. அதே நெல்மணியை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தீர்களானால் சில நொடிகளில் விரல் போய்விடும். ஆளைத் தொடலாம், பொருளைத் தொடக் கூடாது என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இந்த இரண்டு எண்களும்தான் காரணம்.

பி.ஏ. செட் போட்டு, வாங்கிய மொத்தக் கதிரைக் காட்டும் டோசிமீட்டரைச் சட்டையில் குத்தி, வெளியே கடிகாரத்தோடு ஒருவரை நிறுத்திவிட்டுப் போங்கள். நீங்கள் பி.ஏ. செட் நேரத்தைக் குறிக்கும் அதே பலகையில் இன்னொரு பத்தி போட்டால் போதும்: போன நேரம், வந்த நேரம், டோசிமீட்டர் எண். வழி என்ன, எதைத் தூக்கவேண்டும், யார் தலைப்பக்கம், யார் கால்பக்கம் என்பதை வெளியிலேயே பேசி முடியுங்கள். உள்ளே நின்று பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு.

ரத்தம் வடிகிறவரை முதலில் கழுவலாமா, முதலுதவி செய்யலாமா? முதலுதவிதான். மூச்சும் ரத்தமும் காத்திருக்காது, மாவு காத்திருக்கும். மேலுடையைக் கத்தரித்து எடுத்துவிட்டு ஒரு போர்வையிலோ பெட்ஷீட்டிலோ சுற்றி ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். மாசு இருக்கலாம் என்று மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வாந்தியெடுத்தால் முதல் வாந்தி எத்தனை மணிக்கு என்று குறித்து அனுப்புங்கள். பயத்தாலும் வாந்தி வரும்; ஆனால் மருத்துவருக்கு அந்த நேரம் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கிடைக்கும் தடயம்.

தீயும் சேர்ந்திருந்தால்

தீயை அணைப்பது நீங்கள் ஏற்கெனவே கற்றதுதான். மாறுவது சில. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். சாதாரண அறைத் தீ அதைவிட அதிகம். ஈயக் கவசம் உள்ள கேஜோ பெட்டியோ தீயில் கிடந்தால் தீயை அணைத்த பிறகுதான் கதிர் கூடியிருக்கும். அதனால் "தீ போச்சு, உள்ளே வாங்க" என்று யாரையும் கூப்பிடுமுன் மீட்டரை அனுப்புங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல் ஸ்பிரேயாக, குறைவாக விடுங்கள். வேகமான ஜெட் பொடியைப் பறக்கவிட்டு நாலாபக்கமும் சேர்க்கும். வழிந்தோடும் தண்ணீரை மண்மூட்டை போட்டு மறிக்கலாம், சாக்கடைக்குப் போகாமல் பார்க்கலாம். ஆனால் அதற்காக ஆள் மீட்பை ஒரு நிமிடம்கூடத் தள்ளாதீர்கள். புகையை ஊதி வெளியேற்றும் பிளோயரை நிபுணர் சொல்லும்வரை போடவேண்டாம்.

செர்னோபில் கூரையில் ஏறிய வீரர்கள் செய்த வேலையில் தீயணைப்புக் குற்றம் ஒன்றும் சொல்ல முடியாது. அவர்களிடம் அளவெடுக்கத் தகுந்த கருவி இல்லை. சிதறிக் கிடந்தது உலையின் கிராஃபைட் என்பதும் தெரியாது. கடும் கதிர்வீச்சு நோயால் அந்த முதல் சில மாதங்களில் 28 பேர் இறந்தார்கள்; அதில் 6 பேர் தீயணைப்பு வீரர்கள்.

வெளியே வந்தபிறகு

இங்கேதான் ஆட்கள் கவனம் தவறுகிறது. வேலை முடிந்த நிம்மதியில் ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, ஒரு டீ குடித்துவிடுவார்கள். மாவு உள்ளே போவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. கை கழுவி, மீட்டர் வைத்துப் பார்க்கும்வரை தண்ணீர், பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கூடாது. கையை முகத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது.

கழற்றும்போது மூச்சு முகமூடி கடைசியில்தான். மேலுடையை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டி, பெயர் எழுதுங்கள். மேலுடையைக் கழற்றினாலே மாசில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். தோல் உரியத் தேய்க்க வேண்டாம், உரிந்த தோல் வழியே உள்ளே போகும். ஹோஸும் வண்டியும் அளந்து பார்க்கும்வரை அங்கேயே நிற்கட்டும்.

பொதுமக்கள் கூடியிருந்தால் அவர்களையும் விரட்டிவிடாதீர்கள். பெயரும் போன் எண்ணும் எழுதிக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் உடையைக் கழற்றிப் பையில் கட்டிவைத்துக் குளிக்கச் சொல்லுங்கள். அயோடின் மாத்திரை கேட்பவர்கள் வருவார்கள். அது அணு உலையிலிருந்து கதிரியக்க அயோடின் வெளியேறினால் தைராய்டைக் காக்கும் மருந்து; கோபால்ட்டுக்கோ சீசியத்துக்கோ இரிடியத்துக்கோ அதனால் பயன் இல்லை.

பொருளை எடுப்பது யார் வேலை? உங்கள் வேலை இல்லை. அணுசக்தித் துறை நாடெங்கும் 20-க்கும் மேற்பட்ட அவசர உதவி மையங்களை வைத்திருக்கிறது. கல்பாக்கத்திலும் ஒன்று உண்டு. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் பட்டாலியன் இருக்கிறது. இத்தகைய விபத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள். மாவட்ட நிர்வாகம் வழியாக அவர்களைக் கூப்பிட வேண்டிய எண்களைக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் இப்போதே ஒட்டுங்கள். அவர்கள் வந்ததும் உங்கள் பலகையையும், எங்கே எவ்வளவு காட்டியது என்று கையால் வரைந்த படத்தையும் கொடுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, எண்ணும் அலகும் நேரமும் இருந்தால் போதும்.

நிலையத்திலேயே பழக

இதற்குக் கதிரியக்கப் பொருள் தேவையில்லை. மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, திருவிழாக் கடைக்காரர்களிடம் பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் கிடைத்தால் வாங்கிவையுங்கள். அதில் தோரியம் இருக்கும். நுட்பமான மீட்டரை ஒட்டிப் பிடித்தால் எண் ஏறும், ஒரு சாண் விலக்கினால் இறங்கும். தூரம் என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

மாவு பயிற்சிக்குக் கலர் கோலப்பொடி வாங்குங்கள். ஒரு பொம்மையையோ நண்பரையோ முழுக்கப் பொடியில் புரட்டிக் கிடத்துங்கள். முழு உடையில் இருவர் போய்த் தூக்கி வரட்டும், இரண்டே நிமிடம். பிறகு உடையைக் கழற்றச் சொல்லி, எங்கெல்லாம் நிறம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். முதல் தடவை பின்கழுத்திலும், கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவிலும், கைக்கடிகாரப் பட்டைக்குக் கீழேயும் இருக்கும். பெரும்பாலும் உதட்டோரத்திலும் இருக்கும். யாரும் தொட்டதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கழற்றும் வரிசையை மாற்றி, அன்றே இன்னொரு முறை செய்யுங்கள்.